மட்டக்களப்பு வாவிக்கரையில் அகதிகளும் ஆவணங்களும்

இலங்கையின் அகதிகள் வரலாறு பெரும்பாலும் படகுகளையும் முகாம்களையும் இறந்தோர் தொகையையும் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. அகதியின் கையிலிருந்த காகிதத்தைப் பற்றி எழுதியோர் மிகச் சிலர். பிறப்புச் சாட்சிப்பத்திரம், பிரஜாவுரிமைச் சான்று, காணி அனுமதிப்பத்திரம், சமாதான நீதவான் முன்னிலையில் ஒப்பமிட்ட சத்தியக் கடதாசி ஆகியவை பார்வைக்கு அற்பமானவை. ஆயினும் உயிர் தப்பிய ஒருவர் பிள்ளையைப் பாடசாலையிற் சேர்ப்பதும், கூப்பன் பெறுவதும், ஒரு துண்டு நிலத்தைத் தமது என்று கூறுவதும் இவற்றிலேயே தங்கியுள்ளன. மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் 1977 தொடக்கம் நிகழ்ந்த இடப்பெயர்வுகளை இந்நோக்கில் ஆராயுமிடத்து, அங்கு அகதிகளுக்கான சட்ட உதவி நீதிமன்றத்தில் ஆரம்பிக்கவில்லை என்பதும், பெயர்களை எழுதி வைத்தோரிடமிருந்தே அது பிறந்தது என்பதும் தெளிவாகும்.

பிரதேசத்தின் இயல்பை முதலிற் கூறுதல் வேண்டும். வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம்வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது இவ்வாவி. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலம் எழுவான்கரை எனவும், வாவிக்கு மேற்கே வயலும் சேனையும் காடுமாக விரியும் நிலம் படுவான்கரை எனவும் வழங்கும். தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் குடி என்பது தாய்வழியாக வருவது இப்பிரதேசத்தின் சிறப்பியல்பு. மணமான மகளுக்கு வீடு கொடுக்கப்படும். மணமகன் அவள் வீட்டிற்கு வந்து வாழ்வான். முக்குவர் சட்டம் எனப்பட்ட பழைய மரபை 1876இல் கிறித்தோப்பர் பிரிற்றோ நூலாக எழுதி வைத்தார். அதே ஆண்டின் 15ஆம் இலக்கத் திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு அம்மரபு நீதிமன்றத்தில் வலுவிழந்தது. சட்டத்தில் மறைந்த பின்னரும் வாழ்க்கையில் அது மறையவில்லை. அகதிகள் பற்றிய கட்டுரையில் தாய்வழி மரபுக்கு என்ன தொடர்பு என்று வினவலாம். பின்னர் வரும் பகுதிகளில் அத்தொடர்பு தானே வெளிப்படும்.

வாவிக்கரைக்கு 1977இல் வந்து சேர்ந்த அகதிகள் அங்கு பிறந்தவரல்லர். மலையகத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களது நிலையை அறிய 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை நோக்குதல் அவசியமாகும். அச்சட்டம் வலுவுக்கு வந்த 1948 நவம்பர் 15க்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர், தம் தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தவர்கள் என்றோ நிறுவினாலன்றி வம்சாவழிப் பிரஜையாகக் கருதப்படமாட்டார். லயன் அறையிற் பிறந்து, பெயர்கூடச் சரியாகப் பதியப்படாத தொழிலாளி ஒருவர் பூட்டனின் பிறப்புக்குச் சான்று தேடுவது எங்ஙனம்? பிறப்புப் பதிவு ஒழுங்காக நடைபெறத் தொடங்கியதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான். தாய் யார், அவள் எங்கே பிறந்தாள் என்ற வினாவைச் சட்டம் கேட்கவேயில்லை.

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் ஒரு சிறு வாயிலைத் திறந்தது. மணமாகாதோர் பத்தாண்டும் மணமானோர் ஏழாண்டும் தொடர்ச்சியாக இலங்கையில் வதிந்தமையை ஈராண்டு காலக்கெடுவினுள் விண்ணப்பித்து நிறுவவேண்டுமென விதித்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் குவிந்தன. இறுதியில் ஏறத்தாழ 1,34,000 பேருக்கே பதிவு கிட்டியது. இடையில் ஊருக்குச் சென்று வந்தமை, விண்ணப்பத்தில் நேர்ந்த ஒரு பிழை போன்ற காரணங்களே பலரை வெளியே நிறுத்தின. வாக்காளர் இடாப்பிற் பெயர் மறுக்கப்பட்ட கொடாக்கன்பிள்ளையின் வழக்கு இலண்டன் கோமறைக் கழகம்வரை சென்று 1953இல் தோல்வியுற்றது. அதனோடு நீதிமன்ற வழி அடைபட்டது எனலாம். பின்னர் 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இப்பங்கீட்டில் மாந்தர் வெறும் தொகையாக மட்டுமே இடம்பெற்றமை வேதனைக்குரியது.

விண்ணப்பப் படிவங்களை நிரப்புதல், கடிதங்களுக்குப் பதில் எழுதுதல், விசாரணைக்கு ஆளை அழைத்துச் செல்லல் முதலிய பணிகளைத் தொழிற்சங்கங்களே பெரிதும் சுமந்தன. 1972இல் அருட்தந்தை போல் கஸ்பேர்ஸ் கண்டியில் தொடங்கிய சத்தியோதய நிலையம் போன்றவை எழுபதுகளில் இப்பணியிற் சேர்ந்தன. மலையகத்தில் இவ்வாறு சட்ட உதவிக்கு ஓர் அடித்தளம் இருந்தது. மலையைவிட்டு இறங்கிய குடும்பத்துக்கு அதுவும் இல்லாமற் போயிற்று.

1977 ஆகஸ்டில் மூண்ட வன்செயல்கள் பல்லாயிரவரை வடக்கு, கிழக்கு நோக்கித் துரத்தின. முன்னாள் பிரதம நீதியரசர் சன்சோனி தலைமையிலான ஆணைக்குழு அவ்வன்செயல்களை விசாரித்து 1980இல் அறிக்கை வெளியிட்டது. ஆயின், ஓடி வந்தோரை எங்கே குடியமர்த்துவது என்ற வினாவை அரசு தனியாரிடமே விட்டுவிட்டது. அப்பொறுப்பை ஏற்றோருள் முதன்மையானது காந்தியம் இயக்கம். கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் வைத்தியர் எஸ். இராஜசுந்தரமும் வவுனியாவை மையமாகக் கொண்டு நடத்திய இவ்வியக்கம், வவுனியா, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு மாவட்டங்களின் உட்புற நிலங்களில் மலையக மக்களைக் குடியேற்றியது. பாலர் பாடசாலைகளையும் நடமாடும் மருத்துவ சேவையையும் நடத்தியது. மழைக்கால வெள்ளத்தோடும் யானைகளோடும் போராடிய அக்குடிசைகளில் வாழ்ந்தோர் தோட்டத்தில் அறியாத ஒன்றை அறிந்தனர்: தாம் பயிரிட்டதைத் தாமே அறுவடை செய்தனர்.

ஆனால் அந்நிலம் சட்டத்தின் கண்ணில் யாருடையது? அரச காணி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரமாக வழங்கப்படுவது. நாடற்றவர் அதற்கு விண்ணப்பிக்கவும் தகுதியற்றவர். ஆகவே அவர்கள் அத்துமீறிக் குடியேறியோர் என்ற பெயரையே பெற்றனர். இதற்கு மாறான காட்சியொன்றும் அண்மையிலேயே உண்டு. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்படுமுன் மட்டக்களப்பு மாவட்டத்திலடங்கியிருந்த கல்லோயாப் பள்ளத்தாக்கில், 1949 தொடக்கம் அரசு குடியேற்றியோருக்கு வீடு, நீர், நிலம், அனுமதிப்பத்திரம் யாவும் முறைப்படி கிடைத்தன. காடு வெட்டிக் களனியாக்கும் உழைப்பு இரு சாராருக்கும் பொதுவாயிருந்தது. ஒரு சாராரிடம் மட்டுமே பத்திரம் இருந்தது.

1983 ஏப்ரலில் டேவிட்டும் இராஜசுந்தரமும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைதுசெய்யப்பட்டனர். அவ்வாண்டு யூலை 25ஆம் 27ஆம் திகதிகளில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொலையுண்டனர். 27ஆம் திகதி இறந்தோருள் இராஜசுந்தரமும் ஒருவர். உயிர் தப்பியோர் மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்டனர்; அவர்களுள் டேவிட்டும் இருந்தார். செப்டெம்பர் 23இல் அச்சிறை உடைக்கப்பட்டபோது வெளியேறிய அவர், கடல் கடந்து தமிழகம் சேர்ந்தார். அகதிகளைக் குடியமர்த்தியவர் தாமே அகதியாகி, ஏறத்தாழ முப்பத்திரண்டு ஆண்டுகளைச் சென்னையில் கழித்தார். 2015இல் தாயகம் திரும்பிய அவர் அவ்வாண்டு ஒக்டோபரில், தமது 91ஆம் வயதில் காலமானார்.

காந்தியத்தின் பணியைப் போற்றுவோரும் அதனைத் தூற்றுவோரும் அதன் அரசியலையே பேசுகின்றனர். அதன் குறை வேறிடத்தில் உள்ளதாகத் தோன்றுகின்றது. இயக்கம் மண்ணைக் கொடுத்தது; அம்மண்ணின்மேல் உரிமையை நிலைநாட்டும் எழுத்தைத் தேடிக் கொடுக்க அதனால் இயலவில்லை. இயலாமைக்கு இயக்கத்தினரைக் குறைகூறுதல் முற்றிலும் நியாயமாகாது. கதவே இல்லாத சுவரிற் சாவியைத் தேடச் சொல்வதற்கு ஒப்பாகும் அது. எனினும், 1983இல் தலைமை அகன்றபோது குடியேறியோரிடம் காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதமும் இருக்கவில்லை என்பது வரலாற்றுண்மை.

எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து வாவிக்கரையின் நிலைமை மாறிற்று. வெளியிலிருந்து வந்த அகதிகளைப் பேணிய ஊர்களே அகதி ஊர்களாயின. சுற்றிவளைப்பும் கைதும் அன்றாட நிகழ்ச்சிகளாயின. மட்டக்களப்பில் இயங்கிய பிரஜைகள் குழு, கைதானோரின் பெயர், ஊர், கைதான நாள், இடம் ஆகியவற்றைப் பதிந்து படைமுகாம்களுக்கும் கச்சேரிக்கும் கொண்டு சென்றது. சட்டத்தரணிகள் ஆட்கொணர்வு மனுவைத் தயாரிப்பதற்கும் இப்பதிவுகளே ஆதாரம். குழுவின் தலைவராயிருந்த அருட்தந்தை சந்திரா பெர்னாண்டோ 1988 யூன் 6இல் நகரிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். பெயர் எழுதுவதும் உயிராபத்தான தொழிலே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ!

1990 யூனில் மீண்டும் போர் மூண்டது. ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்தோரும், அதே மாதம் 12இல் ஏறாவூர் முஸ்லிம்களும் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். ஒவ்வோரூரிலும் உயிரிழந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர். செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டானிலும் அயலூர்களிலும் 184 தமிழர் படையினராற் கொல்லப்பட்டதாக ஊரார் கணக்கிட்டனர். வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கி ஆகஸ்ட் 15இல் புறப்பட்ட யேசு சபைத் துறவி யூஜின் ஹேபேர்ட்டும் அவருடைய சாரதியும் திரும்பி வரவேயில்லை. அவர் சமாதானக் குழுவின் பணிகளில் ஈடுபட்டிருந்தவர். இரு சமூகத்து மக்களும் ஒரே கோடையில் ஒருவருக்கொருவர் அஞ்சி அகதியாயினர் என்பதை மறந்து இவ்வரலாற்றை எழுதுதல் பொருந்தாது.

வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அக்காலத்தில் ஏறத்தாழ 45,000 பேர் தஞ்சம் புகுந்திருந்தனர். விரிவுரை மண்டபங்களிற் குடும்பங்கள் படுத்துறங்கின. விரிவுரையாளர்களும் ஊழியர்களுமே முகாமை நிருவகித்தனர். செப்டெம்பர் 5இல் வளாகத்தினுள் வந்த படையினர் அகதிகளை வரிசையில் நடத்தினர். முகமூடியணிந்தோரின் தலையசைப்பே அங்கு தீர்ப்பாயிற்று. 158 பேர் பேருந்துகளில் ஏற்றிச் செல்லப்பட்டனர். முகாமை நடத்தியோர் அவர்களின் பெயர்களைத் திரட்டிப் பட்டியலாக்கி மேலதிகாரிகளுக்கு அனுப்பினர். 32 பேரே கைதாயினர், அவர்களுள் 31 பேர் விடுவிக்கப்பட்டனர் என்பது அரசுத் தரப்பிலிருந்து வந்த பதில். அப்பட்டியல் எழுதப்படாதிருந்தால் 32 என்ற எண்ணே வரலாறாகியிருக்கும். பின்னர் நீதியரசர் கே. பாலகிட்ணர் தலைமையிலான, காணாமற்போனோர் பற்றிய ஆணைக்குழு சாட்சியங்களைக் கேட்டபோது, முகாமை நடத்தியோரின் பதிவும் சாட்சியமுமே ஆதாரமாக நின்றன. ஆணைக்குழு பொறுப்பாளிகள் எனக் கருதத்தக்கோரையும் சுட்டியது. எவரும் தண்டிக்கப்படவில்லை. ஆயினும் அந்த 158 பெயர்களை இன்று எவராலும் மறுக்கவியலாது.

ஆண்கள் மறைந்த வீடுகளில் அடுத்த சிக்கல் தோன்றியது. உடல் இல்லையேல் மரணச் சாட்சிப்பத்திரம் இல்லை. அது இல்லையேல் நட்டஈடும், வங்கியிலிருந்த பணமும், கணவன் பெயரிலிருந்த காணியின் பின்னுரிமையும் கைக்கெட்டா. 1995, 1998, 2010 ஆகிய ஆண்டுகளில் இயற்றப்பட்ட தற்காலிக ஏற்பாட்டுச் சட்டங்கள், ஓராண்டுக்கு மேலாகக் காணாமற்போனோரை இறந்தோராகப் பதிவதற்கு வழி செய்தன. பெண்கள் பலர் அதனை விரும்பவில்லை. கணவன் இறந்தான் எனத் தன் கையாலேயே ஒப்பமிடுதல் அவனைத் தேடும் உரிமையைக் கைவிடுதலாகும் என்று அஞ்சினர். இறப்பைக் கூறாது இன்மையை மட்டும் கூறும் சான்றிதழ் 2016இல்தான் சட்டமாயிற்று. இவ்விடைப்பட்ட காலத்தில் பெண்ணொருத்தி கச்சேரிப் படிகளில் ஏறி இறங்கியபோது அவளுக்குத் துணை நின்றவை பெரும்பாலும் பெண்கள் அமைப்புகளே. கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து கொழும்பு முகாம்களில் தங்கியிருந்த பெண்களிடையே 1991இல் தோன்றிய சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் 1993இல் மட்டக்களப்புக்கு இடம்மாறியது. அகதிகளோடு வந்த அமைப்பு அகதிகளோடேயே ஊர் திரும்பியது எனலாம். படிவம் எழுதிக் கொடுத்தல், பொலிஸ் நிலையத்துக்கு உடன் செல்லல், வழக்குக்குச் சட்டத்தரணியை ஒழுங்குசெய்தல் என அதன் பணி விரிந்தது. 1978இல் சட்ட உதவிச் சட்டம் நிறைவேறி ஆணைக்குழுவும் அமைந்தது உண்மையே. ஆயினும் உடன் வந்து வாசலிற் காத்திருக்க ஒருவர் இல்லாதவிடத்து இலவசச் சட்டத்தரணியும் எட்டாத பொருளே.

கடலுக்கு அப்பாலும் இதே கதை வேறு வடிவில் நிகழ்ந்தது. 1951ஆம் ஆண்டு ஜெனீவா அகதிகள் உடன்படிக்கையில் இந்தியாவும் இலங்கையும் இன்றுவரை சேரவில்லை. ஆதலின் தமிழக முகாமிலிருந்த அகதிக்குச் சட்டப்படி ஒரு தகுதியும் இல்லை. அரசின் அனுதாபமே அவருக்குத் துணை. தந்தை செல்வாவின் புதல்வர் எஸ். சி. சந்திரகாசன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம்களிற் பிறந்த குழந்தைகளின் பிறப்பைப் பதிவித்து, இலங்கைத் துணைத் தூதரகத்தின் வாயிலாகப் பிரஜாவுரிமைச் சான்று பெற்றுக் கொடுப்பதைத் தன் முக்கிய வேலையாகக் கொண்டது. முகாம்வாசிகளுள் ஏறத்தாழ 28,500 பேர் மலையக வம்சாவழியினர் எனக் கணிக்கப்பட்டது. முதலில் தோட்டத்திலிருந்தும் பின்னர் வடகிழக்கிலிருந்தும் துரத்தப்பட்டு, இரு நாடுகளிலும் பெயரற்று நின்றவர்கள் இவர்கள்.

நாடற்ற நிலைக்கு முடிவு 2003இல் வந்தது. அவ்வாண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 தொடக்கம் இலங்கையில் நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவழியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை அளித்தது. சமாதான நீதவான் கையொப்பமிட்ட ஒரு பிரகடனமே போதிய சான்றாகக் கொள்ளப்பட்டது. ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர் ஆணையகமும் தொழிற்சங்கங்களும் தொண்டர்களும் அரசோடிணைந்து நடமாடும் முகாம்களை அமைத்தபோது, பத்தே நாட்களில் 1,90,000 பேருக்கு மேற்பட்டோர் பிரஜைகளாயினர். ஐம்பத்தைந்து ஆண்டு இழுபறி பத்து நாட்களில் தீர்ந்தது எனின், தடையாயிருந்தது ஆவணமின்மையன்று, ஆவணத்தைக் கேட்ட மனப்பாங்கே என்பது பெறப்படும். அப்போதும் தமிழக முகாமிலிருந்தோர் வெளியே நின்றனர். அவர்கள் ‘நிரந்தரமாக வதிந்தோர்’ அல்லரன்றோ. அக்குறை 2009இன் திருத்தச் சட்டங்களால் நீக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தம் இன்னொரு பழைய கணக்கையும் தீர்த்தது. தந்தை வழியாக மட்டும் கிடைத்த பிரஜாவுரிமை அன்றுமுதல் தாய் வழியாகவும் கிடைக்கலாயிற்று. தாய்வழிக் குடிகள் வாழும் வாவிக்கரையில் இத்திருத்தத்தைப் புதுமையென எவரும் கருதியிருக்கமாட்டார்.

ஆயினும் சட்டம் மறுபடியும் தடம் மாறிற்று. 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலை, கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடந்த நாவலடி, கல்லடி முதலிய இடங்களை அள்ளிச் சென்றபோது, வீடுகளோடு உறுதிகளும் போயின. கிழக்கிற் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது எனத் தடை விதிக்கப்பட்டது. வேறிடங்களிற் கட்டிய புதிய வீடுகள் ‘குடும்பத் தலைவர்’ பெயரில் வழங்கப்பட்டன. குடும்பத் தலைவர் என்றால் ஆண் என்பது படிவத்தின் துணிபு. அள்ளுண்டு போன வீடோ பெரும்பாலும் அவன் மனைவிக்கு அவள் தாய் கொடுத்தது! பேரழிவு முகாமைக்கான பெண்கள் கூட்டமைப்பு 2005இல் மட்டக்களப்பில் உருவாகி, இருவர் பெயரிலும் உறுதி வேண்டும் எனக் கோரியது. அரச காணிச் சட்டத்தில் ‘உரிமையாளர்’ என்ற சொல் ஒருமையில் உள்ளது, ஆகவே இருவருக்குக் கொடுக்கவியலாது என்பது அதிகாரிகளின் விளக்கமாயிருந்தது. இலக்கணத்தைக் காட்டி வீட்டை மறுத்த இவ்விளக்கம் தமிழ் மாணவர்க்குச் சிறிது நகைப்பையும் தரலாம். வீடிழந்தவளுக்கு அது நகைப்பாயிருக்கவில்லை.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்திலும் இதே போக்கு காணப்பட்டது. அனுமதிப்பத்திரம் பெற்றவர் பின்னுரித்தாளரைப் பெயர் குறியாது இறப்பின், மூன்றாம் அட்டவணையின்படி ஆண் மக்கள் பெண் மக்களுக்கு முந்தினர். மூத்தோர் இளையோருக்கு முந்தினர். படுவான்கரையின் குடியேற்ற நிலங்களிற் பெரும்பகுதி இச்சட்டத்தின்கீழ் வருவது. கணவனைப் போரிலும் தாய்வீட்டைக் கடலிலும் இழந்த பெண்ணொருத்தி, தந்தையின் வயலிற் பங்கு கேட்கச் சென்றால் அண்ணனின் பெயரே முதலில் வாசிக்கப்பட்டது. பெண்கள் அமைப்புகள் பல்லாண்டு தொடர்ந்து கோரியதன் பின்னர் 2022இல் அவ்வட்டவணை திருத்தப்பட்டு ஆண், பெண் வேறுபாடு நீக்கப்பட்டது. திருத்தத்துக்கு முன்னரே சகோதரன் பெயருக்கு மாற்றப்பட்டுவிட்ட காணிகளுக்கு அது பயன்படாது.